1500 ரூபாய்க்குள் ஒரு மடக்குக் கத்தி: உப்புக் காற்றிலும் மணலிலும் எது தாங்கும்?

மேடைக்காரி (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண மேடை அலங்கார வேலை எடுத்துச் செய்கிறேன். கூட நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலூர், நெல்லிக்குப்பம் மண்டபங்களில் வேலை என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது வரும் ஆர்டரில் பாதி புதுச்சேரிப் பக்கம் கடற்கரை ரிசார்ட்டுகளில் இருந்து வருகிறது. மணலில் சவுக்குக் கம்பு நட்டு, துணி சுற்றி, பூ வைத்து, முகூர்த்தம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் அவிழ்த்து வண்டியில் ஏற்ற வேண்டும்.

இதுவரை பேப்பர் கட்டரை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். தேங்காய் நார்க் கயிற்றைக் கொஞ்சம் சாய்த்து அறுத்தாலே அலகு பட்டென்று ஒடிகிறது. மண்டபம் என்றால் பெருக்கி எடுத்துவிடலாம். மணலில் விழுந்த துண்டை எங்கே தேடுவது? குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம். போன மாதம் ஒரு துண்டு விழுந்ததும் நானும் பிள்ளைகளும் உட்கார்ந்து கையால் மணலைச் சலித்தோம். அதற்கப்புறம் கட்டரைக் கடற்கரைப் பக்கமே கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

கத்தியால் எனக்கு ஆக வேண்டியது இவ்வளவுதான்: நார்க் கயிறு, நைலான் கயிறு, சணல் அறுக்க. வாழைமரத்தில் காய்ந்த மட்டை சீவ. தென்னங்குருத்து கிழிக்க. பூ செருகும் ஃபோம் வெட்ட. பார்சல் பெட்டி பிரிக்க. எப்போதாவது ஒரு கொய்யாக்காய் நறுக்க.

முக்கியமான ஒன்று, எனக்கு நொட்டாங்கை. ஏணி மேல் நிற்கும்போது ஒரு கை கம்பைப் பிடித்திருக்கும், இன்னொரு கையாலேயே திறந்து மூட முடிய வேண்டும். துரு பிடிக்கக் கூடாது. பட்ஜெட் 1500 ரூபாய்.

ஆன்லைனில் பார்த்தால் 'டமாஸ்கஸ்', 'ஜெர்மன் ஸ்டீல்', 'மிலிட்டரி' என்று கண்ணைக் கட்டுகிறது. போதாக்குறைக்கு வாரம் இரண்டு முறை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகிறவள் நான். கத்தி வைத்திருந்தால் வம்பு வருமா என்றும் சொல்லுங்கள்.

சில்வர்பீச் சிங்கம்

அக்கா, பட்டனைத் தட்டினால் சடக்கென்று பாயுமே, அந்தக் கத்தியை வாங்குங்கள். ஒரு கையால் திறக்கலாம், எந்தக் கையாக இருந்தாலும் சரி. விலையும் கம்மி. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பார்த்த ஞாபகம்.

குமாஸ்தா (கடலூர்)

தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டன் கத்தி போலீஸ் கண்ணில் ரவுடி சாமான்தான். அதைப் பையில் வைத்துக்கொண்டு 'நான் பூ கட்டுகிறவள்' என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால்: 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-ல் வந்த விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. நீங்கள் கேட்கும் சாமான் 3 அங்குலம், கூடிப்போனால் மூன்றரை. அளவை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் சின்னக் கத்திதானே என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் போட வேண்டும். ஊரில் ஏதாவது தகராறு என்று 163 தடை உத்தரவு போட்டிருந்தால், அதாவது பழைய 144, உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே அவர்கள் தேடுவது பாட்டிலை. கத்தியைக் கத்தரிக்கோல், டேப், கயிறு இவற்றோடு வேலைப் பையிலேயே போட்டு வைத்தால் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிடும். இடுப்பில் மட்டும் செருகிக்கொண்டு போகாதீர்கள்.

வில்லியனூரான்

புதுச்சேரிக்காரன் ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியைச் சொல்லாமல் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன், குடியுரிமை என்று பிரான்சு உறவு இன்னும் விடவில்லை. அங்கிருந்து சித்தப்பா வரும்போதெல்லாம் பெட்டியில் சீஸும் ஒரு ஒப்பினெல்லும் இருக்கும்.

1890-ல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்ய ஆரம்பித்த கத்தி. பீச் மரப் பிடி. கழுத்தில் ஒரு இரும்பு வளையம், அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-ல் வந்தது. 8-ம் நம்பர்தான் கைக்கு அடக்கம், அலகு எட்டரை சென்டிமீட்டர். கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் கிடைக்கும். உங்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான். கார்பனில் ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கினால் அலகு சாம்பல் பூத்துவிடும், வாழைக்கறை பட்டால் கன்னங்கரேல்.

இந்தியாவில் விலை ஏறி இறங்கும், சில நாள் உங்கள் 1500-க்குள் வரும், சில நாள் தாண்டும்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரப் பிடி ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும். அலகு உள்ளே சிக்கிக்கொண்டு நகத்தால் இழுத்தால் வராது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்: பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அப்போது பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் அந்தத் தழும்புகள் வரிசையாக இருக்கின்றன.

ஓ.டி. போட் மெக்கானிக்

தங்கச்சி, நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன். பாக்கெட்டில் கத்தி இல்லாமல் வேலைக்குக் கிளம்பியது கிடையாது. டீசல், உப்புத் தண்ணீர், மீன் செதில் மூன்றும் ஒரே நாளில் அதன் மேல் படும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வில்லியனூர் தம்பி சொன்ன கத்தி அருமையான கத்தி. ஏன் அருமை என்றால், அலகு மெல்லிசு. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, விளிம்பை நோக்கி இன்னும் இளைத்துக்கொண்டே போகும். ஃபோம், கொய்யா, குருத்து எல்லாவற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். படத்தில் முரட்டுத்தனமாகத் தெரியும் 'மிலிட்டரி' கத்தி மூன்றரை, நான்கு மில்லி தடிமன் இருக்கும். அது பழத்தை வெட்டாது, பிளக்கும். கத்தி நன்றாக வெட்டுவதில் எஃகின் பெயரைவிட இந்த மெலிவுக்குத்தான் பங்கு அதிகம். ஆனால் ஏணி மேல் நிற்கும் உங்களுக்கு ஒப்பினெல் சரிப்படாது. திறக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை, அப்புறம் வளையம் வேறு. தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, எஃகுக்கு வருவோம். வெறும் 'ஜெர்மன் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். ஒழுங்காகச் செய்கிறவன் எந்த எஃகு என்று பெயர் சொல்லித்தான் விற்பான். டமாஸ்கஸ் கதையும் அப்படித்தான். இந்த விலையில் வருவது பெரும்பாலும் சாதா அலகின் மேல் லேசரால் போட்ட கோலம்.

சீனத்துப் பெயர்களை வாசிப்பது சுலபம். 8சிஆர்13எம்ஓவி (8Cr13MoV) என்று இருந்தால், கார்பன் ஏறக்குறைய 0.8 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3-தான். கூர் நிற்பது கார்பனால், துரு தள்ளிப்போவது குரோமியத்தால். அதனால் 3சிஆர்13 துருவுக்குப் பரவாயில்லை, ஆனால் காலையில் தீட்டினால் மதியம் மழுங்கிவிடும். 440சி என்பதில் கார்பன் 1 சதவீதம் அளவில் இருக்கும், குரோமியம் 16 முதல் 18. ஸ்வீடனின் 12சி27-ல் கார்பன் 0.6, குரோமியம் பதின்மூன்றரை. ஒப்பினெல் ஸ்டெயின்லெஸ் அலகும் இந்த 12சி27 வகையைச் சேர்ந்ததுதான்.

டி2 என்று ஒன்று மலிவுக் கத்திகளில் இப்போது நிறைய வருகிறது. எல்லா வீடியோவிலும் புகழ்கிறார்கள். கூர் நன்றாக நிற்கும், உண்மைதான். குரோமியமும் 12 சதவீதம் அளவில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் பெரும்பங்கைக் கார்பன் இழுத்துக்கொண்டு கெட்டித் துகளாக்கிவிடும். துருவை எதிர்க்க மிச்சம் நிற்பது கொஞ்சம்தான். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அது போதும். நம் கரையில் ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் மிளகு தூவியதுபோல் புள்ளி புள்ளியாக நிற்கும். வாங்காதீர்கள்.

ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி கடல் வேலைக்கென்றே கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1 எஃகில் கத்தி போட்டது. துரு என்ற பேச்சே இல்லை. அதன் விலையைப் பார்த்துவிட்டு நானே பக்கத்தை மூடிவிட்டேன், உங்கள் பட்ஜெட்டில் பேசவே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்பில் உள்ள குளோரைடு விடாது, அலகின் மேல் துருவைத் தடுத்து நிற்கும் மெல்லிய குரோமியப் படலத்தைக் குத்தி ஓட்டை போடும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆரம்பிக்காது. அலகு சுழலும் அச்சாணி, பாக்கெட்டில் மாட்டும் கிளிப்புக்கு அடிப்பக்கம், பிடிக்குள் இருக்கும் தகடு, இங்கேதான் முதலில் பிடிக்கும். அதனால் பிடியைப் பாருங்கள். நைலான் பிடி, திருகு போட்டுப் பூட்டியது, முதுகுப்பக்கம் திறந்திருப்பது. முதுகு திறந்திருந்தால் குழாயடியில் ஒரு பிடி பிடித்தால் மணல் எல்லாம் வெளியே வந்துவிடும். முதுகு மூடிய கத்தியில் மணல் உள்ளே குடியிருக்கும், மடக்கும்போதெல்லாம் நரநர என்று சத்தம் வரும்.

அடுத்தது பூட்டு. மலிவில் நிறைய வருவது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் தகடு நெளிந்து வந்து அலகின் பின்னால் முட்டுக் கொடுக்கும். அதை வலது கைக் கட்டைவிரலால் தள்ளும்படிதான் செய்திருப்பார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலால் இழுத்து மூட வேண்டும். பழகலாம், ஆனால் ஏணி மேல் பழக வேண்டாம். பிடியின் முதுகில் அழுத்தும் பேக் லாக் இரண்டு கைக்கும் பொது, உறுதியானதும்கூட. ஆனால் முதுகு மூடியிருக்கும், மணல் பிரச்சினை. மூன்றாவது, பிடிக்குக் குறுக்கே ஒரு கம்பி போய் இரண்டு பக்கமும் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. குமிழைப் பின்னால் இழுத்தால் அலகு விடும். எந்தக் கையும் ஒன்றுதான், முதுகும் திறந்திருக்கும். உள்ளே மெல்லிய ஸ்பிரிங் இரண்டு உண்டு. ஒன்று ஒடிந்தாலும் மற்றது தாங்கும்.

கான்ஸோ என்ற சீனக் கம்பெனி இந்தக் குறுக்குக் கம்பிப் பூட்டில், 440சி எஃகில், நைலான் பிடியோடு கத்திகள் போடுகிறது. நான் வைத்திருப்பதும் அதுதான். தள்ளுபடி நாளாகப் பார்த்துப் போடுங்கள். அலகு ஏழரையில் இருந்து எட்டரை சென்டிமீட்டர் போதும். கிளிப்பை வலமும் இடமும் மாற்றிப் போடத் துளை இருக்கிறதா என்று படத்தை உற்றுப் பாருங்கள், நிறைய மாடலில் ஒரு பக்கம்தான் இருக்கும். சுவிஸ் கத்தியை யாராவது சொல்வார்கள். தங்கமான கத்திதான். ஆனால் பெரும்பாலான சின்ன மாடல்களில் பூட்டு கிடையாது, நகத்தால் இழுக்கும் குழியும் வலது கைக்காரருக்குத் தோதாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும்.

கறுப்புப் பிடி மட்டும் வேண்டாம். ஆரஞ்சோ பச்சையோ இல்லை என்றால் அடித்துளையில் ஆரஞ்சு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு மணலில் போட்ட கறுப்புக் கத்தி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒன்று. 1500 முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். 300 ரூபாயைக் கல்லுக்கு ஒதுக்குங்கள். நார்க் கயிற்றில் எப்போதும் மணல் இருக்கும். மணலுக்கு முன்னால் எந்த எஃகும் மழுங்கும், விலை கூடினால் கொஞ்சம் தாமதமாக மழுங்கும், அவ்வளவுதான். தீட்டத் தெரிந்தவர் கையில் 8சிஆர்13 போதும்.

பண்ருட்டிப் பலா

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு கறை விஷயத்தை நான் சேர்க்கிறேன். எங்களுக்குச் சித்திரை பிறந்தால் பலாப்பாலோடுதான் குடித்தனம்.

வெட்டுவதற்கு முன்னாலேயே அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பால் ஒட்டினாலும் உருண்டு வந்துவிடும். தடவ மறந்துவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், இன்னும் இழுவையாகும். எண்ணெய் போட்டு ஊறவிட்டு, பழைய பேப்பரால் அலகின் முதுகுப்பக்கம் இருந்து துடைத்து எடுங்கள்.

வாழைக்கறை வேறு சாதி. அதில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். ஸ்டெயின்லெஸ்ஸில் அவ்வளவு தெரியாது, ஆனால் அச்சாணிக்குள் இறங்கிக் காய்ந்தால் கத்தி திறக்கவே மறுக்கும். மட்டை சீவி முடித்த கையோடு தண்ணீரில் அலசிவிடுங்கள்.

மேடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. குமாஸ்தா சார், 163 விஷயம் எனக்குத் தெரியாது, குறித்துக்கொண்டேன். சில்வர்பீச் தம்பி, உங்கள் அன்புக்கும் நன்றி, பட்டன் கத்தி வேண்டாம்.

மெக்கானிக் அண்ணே, மூன்று சந்தேகம். ஒன்று, நைலான் கயிற்றுக்கு ரம்பப்பல் வைத்த அலகு நல்லது என்கிறார்களே? இரண்டு, தெருவில் சைக்கிளில் சாணை பிடிப்பவர் வருகிறார், அவரிடம் கொடுத்தால் போதாதா, நான் எதற்குக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்? மூன்று, மேடை பிரிக்கும்போது பிள்ளைகள் கத்தியாலேயே பைண்டிங் கம்பி, கேபிள் டேக் எல்லாவற்றையும் நெம்புகிறார்கள். தாங்குமா?

ஓ.டி. போட் மெக்கானிக்

மூன்றாவதற்கு முதலில் பதில்: தாங்காது. கம்பிக்குக் கட்டிங் பிளேயர் இருக்கிறது, டேக்குக்கும் அதுவே. மடக்குக் கத்தியால் நெம்பினால் முதலில் முனை போகும், இல்லாவிட்டால் அச்சாணி தளரும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளேயர் வாங்கிக் கொடுங்கள், கத்தி தப்பிக்கும்.

ரம்பப்பல் கயிற்றில் நன்றாகப் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். படகில் நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ஃபோமை வெட்டினால் பிய்த்துக்கொண்டு வரும், மழுங்கினால் நம் கல்லில் தீட்டவும் வராது, அதற்குக் குச்சி மாதிரி தனிக் கல் வேண்டும். உங்களுக்கு நேர் அலகு போதும், ஒரு சூட்சுமம் சொல்கிறேன்: முகம் பார்க்கும் அளவுக்குத் தீட்டாதீர்கள். நடுத்தரக் கல்லோடு நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விளிம்பில் இருக்கும், அது கயிற்றின் நாரைக் கவ்வி அறுக்கும். மழமழவென்று தீட்டிய அலகு பேப்பரை அழகாக வெட்டும், நைலானில் வழுக்கும்.

சாணை பிடிக்கிறவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் வரட்டும். அந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மெல்லிய அலகு நொடியில் சூடேறிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் 300 டிகிரியாவது ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எஃகின் முறுக்கு போய்விடும், அதற்கப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் மேல் தப்பில்லை, அந்தச் சக்கரம் தடித்த இரும்புக்கு ஏற்பட்டது.

நீங்களே தீட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நைஸ் என்று கார்பரண்டம் கல் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஈரத் துணியை விரித்து அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது. கத்தியை நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். அதில் பாதி சாய்த்தால் 45 டிகிரி. அதிலும் பாதி சாய்த்தால் இருபத்திரண்டு சொச்சம். அந்தச் சாய்வுதான் வேண்டும், கருவி எதுவும் தேவை இல்லை. விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துக்கொள்ளுங்கள். இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பின் நுனியில் மை போயிருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் போயிருந்தால் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே வாருங்கள், மறுபக்கத்து விளிம்பில் நகத்தை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தால் சிறு பிசிர் தட்டுப்படும் வரை. அடிமுதல் முனைவரை தட்டுப்பட வேண்டும். பாதிப் பேர் பொறுமை இல்லாமல் இதற்கு முன்னாலேயே கத்தியைத் திருப்பிவிடுவார்கள், கல் சரியில்லை என்பார்கள். பிசிர் வந்த பிறகு அடுத்த பக்கம், அதே மாதிரி. அப்புறம் கையை லேசாக்கி மாற்றி மாற்றி நாலு இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வெட்டும் விளிம்பு பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிரும் உதிர்ந்துவிடும். நொட்டாங்கை என்பதற்காக இதில் மாற்றம் எதுவும் இல்லை.

அச்சாணிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பலா அண்ணன் அலகுக்குச் சொன்னது சரி. ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் கத்தி இறுகிக்கொள்ளும். நாளானால் பிசுக்கும் ஆகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சாணியில் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

வில்லியனூரான்

அண்ணன் கட்டரை முழுவதும் மறந்துவிட்டார். மண்டப வேலைக்கும் அட்டைப் பெட்டிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. அட்டை, கத்தியின் கூரைத் தின்றுவிடும், கட்டருக்கு ஒரு துண்டு ஒடித்தால் புது அலகு. 9 மில்லி கட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு 18 மில்லி அகலம் வாங்குங்கள். 1956-ல் ஜப்பானில் அந்த ஒடிக்கும் அலகைக் கண்டுபிடித்தபோதே ஒடிய வேண்டும் என்றுதான் கோடு போட்டார்கள், சாய்த்தால் ஒடியாமல் என்ன செய்யும்.

மேடைக்காரி

ஆரஞ்சுப் பிடி, குறுக்குக் கம்பிப் பூட்டு, 440சி. இன்று ராத்திரி ஆர்டர் போட்டாச்சு, தள்ளுபடி போக 1500-ஐத் தாண்டவில்லை. கல்லுக்குப் பட்ஜெட்டுக்கு வெளியேதான் கை வைக்க வேண்டியிருக்கிறது. நாளைக்குப் பான்பரி மார்க்கெட் பக்கம் பூ எடுக்கப் போகும்போது பார்க்கிறேன். கட்டர் மண்டபத்துக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். பார்சல் வந்ததும் அசலா, சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது அண்ணே? போன வருஷம் ஆன்லைனில் ஒரு கத்தரிக்கோல் வாங்கி, திருப்பி அனுப்பும் தேதி போன பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது.

ஓ.டி. போட் மெக்கானிக்

பெட்டியைப் பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அலகின் அடியில் கம்பெனி முத்திரையும் எஃகின் பெயரும் தெளிவாகப் பதிந்திருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

மடக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். அலகு இரண்டு பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும், முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது. எட்டிப் பார்த்தால் பாக்கெட்டில் கைவிடும்போது விரலைக் கீறும். தலைகீழாக உதறுங்கள், தானாகத் திறக்கக் கூடாது.

பிறகு திறந்து பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, அலகின் தட்டையான பகுதியைத் துணியால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் அச்சாணித் திருகைச் சற்று இறுக்கினால் சரியாகிவிடும். மேலும் கீழும் ஆடினால் பூட்டே சரியில்லை, இறுக்கிப் பயனில்லை, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். எல்லாம் சரி என்றால் அலகின் முதுகை மடித்த துண்டின் மேல் வைத்து, விரல்கள் மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, நிதானமாக அழுத்திப் பாருங்கள். நழுவினால் அதுவும் திருப்பி அனுப்ப வேண்டிய சாமான்தான். தேதி தாண்டுவதற்குள் இரண்டு நார்க் கயிறு அறுத்தும் பார்த்துவிடுங்கள்.